எழுபத்தொன்பதும் எண்பதும்

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில்,
பழைய நகை வாங்கும் கடை.
மூடியைத் திறந்து வைப்பது, மூடுவது,
முப்பது நொடி காத்திருப்பது என் வேலை.

ஆனி மழை. கரண்ட் இரண்டு முறை போய்
திரும்பி வந்த நேரத்தில்
குடையில்லாமல் ஏறி வந்தார் முத்துராக்கு.
தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள்
கடுகைவிடப் பெரிய, மிளகைவிடச் சிறிய
ஒரு மஞ்சள்.
எங்கே கிடைத்தது என்று நான் கேட்பதில்லை.
தேவாலாவின் செம்மண்
அவர் முழங்கைவரை காய்ந்திருந்தது.

“உரசாம எப்படிம்மா கண்டுபிடிக்குது?”

உங்கள் லயத்தில் ரிட்டயரானவரைக்
காலி பண்ணச் சொன்னால்
மேல் லயத்துக்காரர் சட்டிபானையோடு
இறங்கி வந்து குடியேறுவார் இல்லையா,
அப்படித்தான் என்றேன்.
எக்ஸ்ரே போய் உள்வட்டத்து எலக்ட்ரானை
வெளியே தள்ளும்.
மேல்வட்டத்துக்காரன் இறங்கி வருவான்.
இறங்கும்போது அவன் விடும் மூச்சு
செம்புக்கு ஒரு மாதிரி, வெள்ளிக்கு வேறு மாதிரி.
மெஷின் அந்த மூச்சை எண்ணுகிறது.

அவர் சிரிக்கவில்லை.
“வெளிய போனவன் எங்க போவான்?” என்றார்.
மெஷின் மாட்ட வந்த பையன்
அதைச் சொல்லித்தரவில்லை.

திரையில் மலைகள் எழும்பின.
எட்டாம் எண்ணில் செம்பு, சின்ன மேடு.
தூரத்தில் இருபத்திரண்டில் வெள்ளி.
பத்துக்குக் கொஞ்சம் முன்னால்
தொட்டபெட்டா மாதிரித் தங்கம்.
அதன் வலது தோளில்
மூட்டை சுமந்தவனின் காய்ப்புபோல் ஒரு புடைப்பு.

தங்கம் எழுபத்தொன்பது.
அடுத்த கதவு எண்பது, பாதரசம்.
இடையே ஒற்றைச் சுவர்,
இங்கே இருமினால் அங்கே விழித்துக்கொள்ளும் சுவர்.

எப்படிக் காய்ச்சினீர்கள்?
“துணியில பிழிஞ்சி, தாளிப்புக் கரண்டியில வச்சி, அடுப்புல.”
எந்த அடுப்பு?
“வீட்டுல எத்தன அடுப்பு இருக்கும்?”

சொன்னேன்.
வெளியே போய்விட்டது என்று நினைக்கிற ஆவி
தகரத்தில் ஒட்டும், ராத்திரி குளிர்ந்து
பாய்க்கு இறங்கும்.
கை நடுங்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆகாது.
முழுதாகக் கேட்டுவிட்டு,
“அதுக்கு எவ்வளவு கழிப்பீங்க?”

நாலு சதம் கழித்தேன்.
வேறு கணக்கு எனக்குத் தந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் தீப்பெட்டி இல்லை.
பேப்பரில் சுற்றிய கரண்டி.
பிடியை அறுத்திருந்தார்.
போன தடவை பெட்டியின் அகலத்தைக்
கண்ணாலேயே அளந்திருக்கிறார்.

வளையல் விற்க வந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.
நான் மூடினேன்.

இரும்பு, திரை முட்ட.
அதன் காலடியில் மாங்கனீசு.
பிறகு வெறும் நிலம்.
பத்துக்குப் பக்கத்தில்,
மறைத்துக்கொள்ளத் தங்கம் இல்லாமல்,
எண்பதாம் வீட்டில் மட்டும் விளக்கு.

“சின்னவளுக்குக் கை உதறுது.
அவ கைய இதுக்குள்ள வச்சாக் காட்டுமா?”

மூடாமல் இது எரியாது என்றேன்.
உடம்புக்கு ஆகாது என்றேன்.
இன்னொன்றைச் சொல்லவில்லை.
கரி, ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாம்
மூச்சு மெலிந்தவை,
கண்ணை எட்டுமுன் காற்றிலேயே கரைந்துவிடும்.
ஒரு குழந்தையில் பெரும்பகுதி
இந்தப் பெட்டிக்கு இல்லாத பகுதி.

ரத்தம் பார்க்கச் சொல்லி
ரசீதின் பின்பக்கம் ஊட்டி ஆஸ்பத்திரியை எழுதினேன்.
ரசீதில் தொகை இல்லை.
அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கரண்டியை எடுக்காமலே இறங்கிப் போனார்.
கடையில் தங்கும் எதற்கும் சீட்டு வேண்டும்
என்பார் மேனேஜர் வர்கீஸ்.
பொருள்: கரண்டி, பிடியில்லை.
எடை: நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
மதிப்பு:
கீழே பந்தலூர் வண்டி ஹாரன் அடித்தது.

மத்தியானம் சோற்றுக்கு முன்னால்
இரண்டு தடவை கை கழுவினேன்.